யார் காசில் யார் படித்தார்கள்

"உங்களுக்கென்ன, நுவரெலியா கோட்டாவில் வந்தவர்கள்தானே!"

கெம்பஸுக்குள் காலெடுத்து வைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வருடம் முடிவதற்குள் இதைக் கேட்டுவிடுவார்கள். கன்டீனில் கேட்பார்கள், விடுதி மாடிப்படியில் கேட்பார்கள். சொல்பவர் சிங்களப் பிள்ளையாக இருப்பார், யாழ்ப்பாணத்துப் பிள்ளையாக இருப்பார், கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த எங்கள் மலையகத்துக் கடை முதலாளியின் பிள்ளையாகவும் இருப்பார். நானும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன். எங்கள் கதையை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை, அதனால் வாயில் பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. இந்த எரிச்சலை இனியும் உள்ளுக்குள் வைத்துக்கொள்ள எனக்கு முடியாது.

இந்த நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவை அதன் தந்தை என்கிறோம். பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. வயலில் சேறு மிதித்தவரின் மகன் டொக்டரானான், எஞ்சினியரானான். நல்லது. அந்தப் பெருமையை நான் பறிக்க வரவில்லை. கேட்பது ஒன்றுதான். அந்தக் காசு எங்கிருந்து வந்தது? அந்த நாட்களில் இலங்கை வெளிநாட்டுக்கு விற்றுச் சம்பாதித்ததில் பாதிக்கு மேல் தேயிலையால் வந்தது. அரசாங்கத்தின் கஜானா தேயிலைத் தீர்வையால் நிறைந்தது. தேயிலை தானாகப் பெட்டிக்குள் ஏறிக் கப்பலுக்குப் போகவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் போய் நின்று, படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடியோடு நிரை பிடித்து, கங்காணியின் ஏச்சைக் கேட்டு, மடுவத்தில் நிறுவைக்கு நின்று, தண்ணீர்க் கழிவு என்று நிறையைக் கழித்த பிறகு மிஞ்சியதற்கு என் பாட்டி பேர் போட்டாள். அவளைப் போல் லட்சம் பாட்டிகள். அந்தக் கொழுந்தில்தான் இந்த நாடு படித்தது.

அப்படிப் படித்த நாட்டின் பள்ளிக்கூட வாசலில் அவளுடைய பிள்ளைகளை மட்டும் நிறுத்திவிட்டார்கள். தோட்டப் பாடசாலைகள் இலவசக் கல்வித் திட்டத்துக்கு வெளியே விடப்பட்டன. தோட்டத்துப் பிள்ளையின் படிப்பு தோட்டத்தை நடத்தும் துரையின் பொறுப்பாம். துரை என்ன செய்தார்? 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அவருக்கு வைத்த கடமை, ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்துக் காட்டுவது. அந்தப் பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு எடுக்கக் கூடாது என்றும் ஒரு விதி வைத்தார்கள். இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பத்து மணிக்குப் பிறகு எடுக்கலாம். ஆறு வயதுப் பிள்ளையை! வெள்ளைக்காரன் மனச்சாட்சியைக் காட்ட எழுதிய சட்டத்திலேயே இவ்வளவு இருந்தால், சட்டம் எட்டாத மலை உச்சியில் என்ன நடந்திருக்கும்?

தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றால் எதை நினைக்கிறீர்கள்? ஒரு நீட்டுக் கட்டடம், தகரக் கூரை, மழை பெய்தால் வாத்தியார் சொல்வது பிள்ளைகளுக்குக் கேட்காது. சில தோட்டங்களில் அந்தக் கட்டடமும் இல்லை, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு. ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். முதலாம் வகுப்புக்கு 'அ' எழுதக் கொடுத்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்வார். அவர் துரையிடம் சம்பளம் வாங்குகிறவர், ஆகவே துரைக்கு வேண்டியபோது ஆபீஸ் கணக்கும் எழுதுவார், கொழுந்தும் நிறுப்பார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு கதை முடிந்தது. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து டவுனுக்குப் போக வேண்டும். டவுனுக்குப் போக பஸ் இல்லை, பஸ் இருந்தாலும் காசு இல்லை, காசு இருந்தாலும் பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப வீட்டில் மனம் இல்லை. பதினொரு வயதில் என் பெரியம்மா பிள்ளைக் காம்பராவில் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தாள், அதற்குப் பிறகு கூடை தூக்கினாள். அவளுக்குக் கையெழுத்து வராது. ஆனால் எத்தனை கிலோ குறைத்துப் போட்டார்கள் என்று இன்றைக்கும் மனக்கணக்கில் சொல்வாள். அந்த மூளைக்கு ஒரு பள்ளிக்கூடம் கிடைத்திருந்தால்!

இப்படி விட்டு வைக்க அவர்களுக்கு எப்படி முடிந்தது? எங்களிடம் வாக்கு இல்லாததால் முடிந்தது. வாக்கு எங்களிடம் இருந்தது, பறித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர் வட்டகொடை மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்து ஆசிரியராக இருந்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. தோட்டத்து வாத்தியார் ஒருவர் பாராளுமன்றத்துக்குப் போனார். அடுத்த வருடமே, 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்தது. அதற்கடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. சுதந்திரம் வந்த வீட்டில் முதல் வேலையாக எங்களை வெளியே தள்ளினார்கள். அதற்குப் பிறகு எங்களவர் ஒருவர் தேர்தலில் நின்று ஜெயித்துப் பாராளுமன்றம் போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் இரண்டொரு நியமன உறுப்பினர்கள், அவ்வளவுதான். அந்த முப்பது வருடமும் கொழும்பில் கல்விக்குப் பணம் ஒதுக்கினார்கள், பாடசாலை கட்டினார்கள், பல்கலைக்கழகம் திறந்தார்கள். 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தபோதும் தோட்டப் பாடசாலைகளை மட்டும் தொடவில்லை. யாருக்காகத் தொட வேண்டும்? எங்கள் லயத்துக்கு வந்து வாக்குக் கேட்க வேண்டிய தேவை எந்த வேட்பாளருக்கும் இருக்கவில்லை. 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் வென்று போனார். தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். இதைத் தற்செயல் என்று யாராவது என்னிடம் சொல்ல வருவார்களா?

ஒரு தலைமுறையை முழுசாகத் தின்ற முப்பது வருடம் அது. இலவசக் கல்வியின் முதல் தலைமுறை ஏறிப்போன ஏணியில் எங்களுக்கு ஒரு படிகூட வைக்கவில்லை. அந்தத் தலைமுறையில் படித்தவர்களின் பிள்ளைகள் வீட்டில் புத்தகம் இருக்க, ஆங்கிலம் இருக்க, அப்பா பாடம் சொல்லித் தர வளர்ந்தார்கள். எங்கள் வீட்டில் குப்பி விளக்கும் புகையும் இருந்தன. பிறகு இருவரையும் ஒரே பரீட்சை மண்டபத்தில் உட்காரவைத்து, ஒரே வினாத்தாளைக் கொடுத்து, இதுதான் திறமை என்று வெட்டுப்புள்ளி போட்டார்கள்.

மிச்சமிருந்ததையும் ஒப்பந்தம் பிய்த்தது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் எங்களைப் பங்கு பிரித்தார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வார்களாம். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நினைத்துப் பாருங்கள், ஒரு வகுப்பறையில் பாதிப் பிள்ளைகளின் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினால் அந்த வகுப்பு என்ன ஆகும்? ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறியவர்களில் அப்போதுதான் நாலெழுத்துப் படித்து வந்த இளவட்டங்கள் இருந்தார்கள், வாத்தியார்மார் இருந்தார்கள். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் போன்றவர்கள் ஒரு தலைமுறைக்குப் படிப்பு வெறியை ஏற்றினார்கள். தோட்டத்துப் பையன்களைப் பிடித்து உட்காரவைத்து, நீ பல்கலைக்கழகம் போக வேண்டியவன் என்று சொன்ன மனிதர்கள். அந்தச் சிவலிங்கமும் கடைசியில் நீலகிரிக்குப் போய், அங்கே தாயகம் திரும்பியவர்களின் துயரத்தோடு வாழ நேர்ந்தது. ஒரு மண் தன் ஆசிரியர்களையே நாடு கடத்தினால் அந்த மண்ணில் என்ன முளைக்கும்?

போகாதவர்களுக்கு 1973, 74 பஞ்சம். கூப்பன் மாவுக்கு வரிசை, கீரையும் கிழங்கும், லயத்தில் வயிறு ஒட்டிச் செத்தவர்கள். என் அப்பா அந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டார். படிப்பு வராமல் விட்டதாக ஊரில் சொல்வார்கள். பசியில் விட்டார்.

பேராதனைக்குப் போயிருக்கிறீர்களா? 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அங்கே குடிபெயர்ந்தது. மகாவலி ஓடுகிறது, மரங்கள் பூத்துக் கொட்டுகின்றன, பின்னால் ஹந்தானை மலை. இந்த நாட்டின் மிக அழகான வளாகம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். அந்த வளாகமே ஒரு காலத்தில் தோட்டக் காணி. ஹந்தானையில் மேலே ஏறினால் தேயிலைதான், லயம்தான். அங்கே கொழுந்தெடுத்த பெண்கள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டால் கீழே மாணவர் விடுதிகளின் ஓட்டுக் கூரைகள் தெரிந்திருக்கும். பார்க்க முடிகிற தூரம். அந்தத் தூரத்தை நடந்து இறங்க அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வரவேண்டியிருந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அங்கே படித்த தோட்டத்துப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். தமிழ்ச் சங்கம் இருந்தது, 'இளங்கதிர்' என்ற அருமையான ஆண்டு மலர் வந்தது, நாடகம் நடந்தது, இலக்கியம் பேசினார்கள். ஈழத்துத் தமிழ் இலக்கியத்தின் பெரிய பெயர்கள் பல அந்த வளாகத்தில் உருவானவை. அந்தச் செழிப்பைக் கண்டு நான் பொறாமைப்படவில்லை. அதன் பக்கத்திலேயே ஒரு முழுச் சமூகம் இல்லாமல் இருந்ததை அந்தச் செழிப்பு எவ்வளவு தூரம் கவனித்தது என்று கேட்கிறேன்.

உள்ளே போனவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1983 ஜூலையில் தமிழர் மீது நடந்த வன்முறையை உலகம் அறியும். அதற்கு முன்பே, அந்த வருடம் மே மாதத்தில், பேராதனையில் தமிழ் மாணவர்கள் விடுதிகளில் தாக்கப்பட்டுத் துரத்தப்பட்டார்கள். அடித்தபோது எந்த மாவட்டம் என்று கேட்டு அடிக்கவில்லை. அடி விழும்போது நாங்கள் தமிழர். அடி ஓய்ந்த பிறகு பங்கு கேட்டால் தோட்டக்காட்டான். சிங்களவருக்குக் கள்ளத்தோணி, சக தமிழருக்குத் தோட்டக்காட்டான், இரண்டு பெயரையும் ஒரே உடம்பில் சுமந்தோம். போர்க்காலத்தில் அடையாள அட்டை இல்லாத எங்கள் பையன்கள் சோதனைச் சாவடிகளில் இறக்கி வைக்கப்பட்டார்கள். பிறப்புச் சான்றிதழே இல்லாதவனிடம் அடையாள அட்டை எங்கே என்றால் அவன் எதைக் காட்டுவான்?

என் காலத்துக்கு வருகிறேன். விடுதியில் முதல் கேள்வி, சொந்த இடம் எது? ஹட்டன். ஹட்டனில் எங்கே? டவுனுக்குக் கிட்ட. இதுதான் எங்கள் எல்லோருடைய பதிலும். டயகமைப் பிள்ளையும் டவுனுக்குக் கிட்ட, அக்கரப்பத்தனைப் பிள்ளையும் டவுனுக்குக் கிட்ட, பொகவந்தலாவையில் இறங்கி இன்னும் ஒரு மலை ஏற வேண்டிய பிள்ளையும் டவுனுக்குக் கிட்ட. தோட்டத்தின் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பேச்சை மாற்றினோம். "வந்துருச்சு" என்று வாய்வரைக்கும் வருவதை விழுங்கிவிட்டு "வந்திட்டுது" என்றோம். ஒரு பிள்ளை மறந்துபோய் "அங்குட்டு" என்று சொன்னதற்கு அறை முழுக்கச் சிரித்தது, அதற்குப் பிறகு அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அவளுக்குப் பாடத்தில் குறை இல்லை. விரிவுரையாளர் கேட்கும் கேள்விக்கு அவளுக்கு விடை தெரியும், எனக்கும் தெரியும் அவளுக்குத் தெரியுமென்று. வாயைத் திறக்கவில்லை. திறமைச் சித்தி கிடைக்க வேண்டியவள் சாதாரணச் சித்தியோடு போனாள். அவளிடமிருந்து எடுத்ததை எந்தப் புள்ளிப் பட்டியலில் தேடுவது?

கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்கு இலக்கம் இருக்கிறது, வீதிப் பெயர் இருக்கிறது, தபால்காரர் வாசலுக்கு வருவார். எங்கள் லயங்களில் எத்தனையோ இடங்களில் வீட்டுக்கென்று ஒரு முகவரி இன்னும் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவுதான். கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும். ஆபீசிலிருந்து யாராவது கொண்டுபோனால் உண்டு. ஒரே தோட்டத்தில் நான்கு லெட்சுமி, ஆறு ராமசாமி. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதை, பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம் திகதி போன பிறகு யாரோ வீட்டுத் தட்டியில் செருகிக் கிடந்த கதை எங்கள் பக்கம் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் கிடைக்கும். எனக்கு வந்த கடிதத்தை அம்மா கொழுந்துச் சாக்குக்குள் வைத்துக்கொண்டு மலையிலிருந்து ஓடி வந்தாள். மடுவத்தில் கணக்கப்பிள்ளையிடம் இருந்ததாம், எத்தனை நாளாக இருந்ததென்று அவருக்கே தெரியவில்லை. "நம்ம பேருதானா புள்ள, நல்லாப் பாரு" என்று அம்மா கேட்டாள். பதிவுக்குக் கடைசி நாள் தலைக்கு மேல் நின்றது. ஒரு பிள்ளையின் பதின்மூன்று வருடப் படிப்பு ஒரு கணக்கப்பிள்ளையின் சட்டைப் பையில் கிடந்தது, அதற்கு இந்த நாட்டில் யாரும் பொறுப்பில்லை. தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கக் கூடாது என்ற சட்டத் தடையைத் திருத்தியதே 2018இல். அதுவரைக்கும் பாதை போட முடியாது, நூல்நிலையம் கட்ட முடியாது. வரியை மட்டும் எடுத்தார்கள், நாங்கள் வாங்கிய சீனிக்கும் மாவுக்கும்.

கல்வி இலவசம், சரி. விடுதிப் பாயிலிருந்து போட்டோக் கொப்பி வரை எதுவும் இலவசம் இல்லை. 2024 செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. ஆயிரம் ரூபாய்க்காக நாங்கள் எத்தனை வருடம் தெருவில் நின்றோம் என்பது தனிக்கதை, அது 2021இல் கிடைத்தது. மகாபொலப் புலமைப்பரிசில் பணம் 2025இல் 5,000இலிருந்து 7,500 ஆக உயர்ந்தது, அதுவும் மாதக்கணக்கில் பிந்தி வரும். அது வரும்வரை எங்கள் பிள்ளை யாரிடம் கேட்கும்? அம்மா ஒரு நாள் பேர் போடாமல் கெம்பஸுக்கு வந்து பார்த்தால் அந்த நாள் சம்பளமும் போயிற்று, பஸ் காசும் போயிற்று. அதனால் வரமாட்டாள். அவள் படிப்பித்த பிள்ளை படிக்கும் இடத்தை அவள் பார்க்காமலே நாலு வருடம் ஓடிவிடும்.

எங்களுக்குக் கைகொடுத்தது யார் என்று எண்ணிப் பார்க்கிறேன். நாற்பதுகளில் இந்தியா ஒரு கல்வி நிதியம் வைத்தது, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று, இன்றைக்கும் கண்டி உதவி உயர் ஸ்தானிகராலயம் வழியாக அந்தப் புலமைப்பரிசில் வருகிறது. எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவியால் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடம் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்மனி உதவியோடு பத்தனையில் ஶ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது, எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு எங்கள் பிள்ளைகளையே ஆசிரியராக்க. அதிலும் எங்கள் பங்கு எத்தனை என்று வாதாட வேண்டி வந்தது. இந்தியா கொடுத்தது, சுவீடன் கொடுத்தது, ஜெர்மனி கொடுத்தது. அந்த நாட்டு மக்களுக்குக் கோடி நன்றி. ஆனால் என் பாட்டி சுவீடனுக்கா கொழுந்து பறித்தாள்? எந்த நாட்டின் கஜானாவை அவள் நிரப்பினாளோ அந்த நாடு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் போட நினைத்தபோது, 2014, 15 காலத்தில், ஆசிரிய உதவியாளர் என்று பெயர் வைத்து மாதம் 6,000 ரூபாய் கொடுத்தது. உயர்தரம் சித்தியடைந்த எங்கள் பிள்ளைகள் அந்தக் காசில் பஸ் ஏறிப் போய்ப் படிப்பித்தார்கள். அதே வேலையை வேறு மாவட்டத்தில் செய்தவருக்கு ஆசிரியர் சம்பளம்.

அவர்களுக்கெல்லாம் மேலாக எங்களுக்குக் கைகொடுத்தது எங்கள் அண்ணன்மார், அக்காமார். பெரும் பதவிக்காரர்கள் இல்லை. எங்களுக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் முன்னால் கெம்பஸ் போனவர்கள். விடுமுறைக்கு வந்தால் தூங்கமாட்டார்கள். ஹட்டனில், தலவாக்கலையில், மஸ்கெலியாவில் ஏதாவது ஒரு மண்டபத்தைக் கேட்டு வாங்கி, உயர்தரப் பிள்ளைகளுக்குக் கருத்தரங்கு நடத்துவார்கள். காசு வாங்க மாட்டார்கள். கையால் எழுதிய குறிப்பைப் படியெடுத்துக் கொடுப்பார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறியை முதலில் எழுத வேண்டும் என்று சொல்லித் தருவார்கள், ஏனென்றால் அதைச் சொல்ல எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. ஒரு அக்கா தன் மகாபொலக் காசில் ஒரு தம்பியின் பதிவுக் கட்டணத்தைக் கட்டினாள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு கொழுந்துக்காரியின் மகன். இந்த நாட்டில் மலையக மாணவருக்கான ஆதரவு நிலையம் என்று ஒன்று இருந்தால் அது இவர்களுடைய விடுமுறை நாட்கள்தான். கட்டடம் கிடையாது, சம்பளம் கிடையாது, பதாகை கிடையாது.

இனிக் கோட்டா. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. ஆகவே எங்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். கேளுங்கள். ஒதுக்கீடு மாவட்டத்துக்கு, லயத்துக்கு இல்லை. வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் இருக்கிற ஏழைச் சிங்கள விவசாயியின் பிள்ளைக்கும் அதில் உரிமை உண்டு, அந்தப் பிள்ளை மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போக விஞ்ஞானம், கணிதம் படித்திருக்க வேண்டும். எங்கள் தோட்டப்புறப் பள்ளிக்கூடங்களில் மிகப் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. இருந்தால் இரசாயனத்துக்கு ஆசிரியர் இருப்பார், பௌதிகத்துக்கு இருக்கமாட்டார். சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளையும் கலைப்பிரிவில் போய் உட்காரும். வெறுமையாய்க் கிடக்கும் அந்த மருத்துவ இடத்தைத் தேடி, எல்லா வசதியும் உள்ள நகரத்திலிருந்து பெட்டியோடு வந்து எங்கள் மாவட்டத்தில் பரீட்சை எழுதி எடுத்துக்கொண்டு போகிறார்கள். சிங்களத்திலும் வருகிறார்கள், தமிழிலும் வருகிறார்கள். எங்கள் வறுமையின் பெயரால் ஒதுக்கிய கதிரையில் எங்கள் வறுமையைத் தொட்டறியாதவர் உட்காருகிறார். பழி மட்டும் எங்கள் தலையில். கோட்டாவில் வந்தவர்கள்!

அமெரிக்காவில் ஜோர்ஜ்டவுன் என்றொரு பல்கலைக்கழகம். 1838இல் அதை நடத்திய பாதிரிமார் கடனை அடைக்கத் தங்கள் தோட்டங்களில் இருந்த 272 அடிமைகளை விற்றார்கள். ஆணும் பெண்ணும் குழந்தையும். அந்தக் காசில் பல்கலைக்கழகம் பிழைத்தது. 2016இல் அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்பைப் பற்றிப் பேசியது, விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் படிக்க வந்தால் அனுமதியில் தனிக்கவனம் தருவோம் என்று அறிவித்தது. அது போதாது என்று அந்த மக்கள் சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு கணக்கு ஒத்துக்கொள்ளப்பட்டது: இந்தச் சுவர் உங்கள் பாட்டன்மாரை விற்ற காசில் நிற்கிறது. அதற்கும் முன்னால், 1968 நவம்பரில், சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பின மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள், மாதக்கணக்கில் நின்றார்கள், போலீஸ் அடித்தது. எங்கள் வரலாற்றைப் படிக்க ஒரு துறை வேண்டும் என்று கேட்டார்கள், 1969இல் வாங்கினார்கள். நாங்கள் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கங்காணியின் துண்டுக் கடனில் கட்டி இழுத்து வரப்பட்டவர்கள், வழியில் காட்டில் செத்து விழுந்தவர்கள், மிஞ்சியவர்கள். 2023இல் அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைத்து எங்கள் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். இந்த இருநூறு வருடத்தில் எங்கள் உழைப்பில் வளர்ந்த எந்தப் பல்கலைக்கழகமாவது எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதா? உங்கள் தேயிலைக் காசில் நாங்கள் எழுந்தோம், உங்கள் பிள்ளைகளை முப்பது வருடம் வாசலில் நிறுத்தினோம் என்று ஒரு துணைவேந்தராவது பட்டமளிப்பு மேடையில் சொன்னதுண்டா?

மலையகப் பல்கலைக்கழகம் வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்கள். எங்கள் தலைவர்மாரும் சேர்ந்துதான் சொல்கிறார்கள். மேடையில் மாலை விழுகிறது, பட்டாசு வெடிக்கிறது, கொட்டகலையில் அடுத்த தேர்தலுக்கும் அதே பட்டாசு. எங்கள் சந்தாப் பணத்தில் கட்சி நடத்தியவர்களே, உங்கள் பிள்ளைகள் எந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? இதைக் கேட்க எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் பறிபோன வாக்கைத் திரும்ப வாங்கித் தந்த போராட்டத்தில் உங்கள் மூத்தவர்களின் வியர்வையும் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

பல்கலைக்கழகம் பிறகு வரட்டும். ஹட்டன் வலயத்திலும் நுவரெலியா வலயத்திலும் எந்தெந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பௌதிகத்துக்கு ஆள் இல்லை, எதில் இணைந்த கணிதத்துக்கு ஆள் இல்லை என்று கல்விப் பணிமனைகளுக்குத் தெரியும். அந்தப் பெயர்களை ஒரு தாளில் அடித்து வெளியே ஒட்டுங்கள். அந்த இடங்களுக்கு முழுச் சம்பளத்தோடு ஆசிரியரைப் போடுங்கள், உதவியாளர் வேண்டாம். ஒவ்வொரு லயக் காம்பராவுக்கும் ஒரு இலக்கம் அடியுங்கள், தபாலை வாசலுக்குக் கொண்டு வாருங்கள். மாவட்ட ஒதுக்கீட்டில் லயத்துப் பிள்ளையைத் தனியே எண்ணுங்கள், பரீட்சைக்கு மட்டும் மலை ஏறி வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். 1948இல் என்ன நடந்தது என்று வரலாற்றுப் பாடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதுங்கள், பேராதனைக்கு வரும் காலிப் பிள்ளையும் யாழ்ப்பாணப் பிள்ளையும் அதைப் படித்துவிட்டு வரட்டும். இதில் எதற்கும் நாங்கள் நன்றி சொல்ல மாட்டோம். பாட்டி கட்டிவிட்ட காசு அது.